மக்காச்சோளத் தோகை

எலிபெர்த்தோ குழாயைத் திறந்தான். தண்ணீர் காபி நிறத்தில் வந்தது.

"இனிமே காபித்தூள் செலவு மிச்சம்" என்றாள் மனைவி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஹோண்டுராஸ் மலையூரின் தண்ணீர்க் கமிட்டிக்கு வால்வு திறந்து மூடுகிறவன் அவன். தண்ணீர் ஏன் இப்படி வருகிறது என்று ஊர் அவனைத்தான் கேட்கும். உண்மையான பதில் அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும் என்பது கூடுதல் சிரமம்.

ஊருக்குத் தண்ணீர் வரும் ஊற்றை ஒட்டி இரண்டே நிலங்கள். ஒன்றில் எலிபெர்த்தோவின் மக்காச்சோளம், மற்றதில் நிக்காசியோவின் மேய்ச்சல் புல். விதைப்புக்கு முன் நிலத்துக்குத் தீ வைப்பவர்கள் சுற்றிலும் நான்கு தப்படி அகலத்துக்குச் செதுக்கி மொட்டைத் தரையாக விட வேண்டும், தீ அணையும்வரை கூட நிற்க வேண்டும். அந்த விதியைக் கமிட்டிச் சுவரில் எழுதியவனே எலிபெர்த்தோதான். எழுத்து அழகாக வந்திருந்தது. மூன்று வாரம் முன்பு அவன் செதுக்கியது இரண்டு தப்படி. கால்பந்து இறுதியாட்டத்தின் இரண்டாம் பாதிக்கு வீட்டுக்கு வந்துவிட்டான். தீ தாண்டி, ஊற்றுக்கு மேலிருந்த பைன் காட்டில் ஏறி இரண்டு நாள் எரிந்தது. அணைக்க முதலில் ஓடியவன் என்று அவனுக்குப் பாராட்டு வேறு.

நிக்காசியோவும் அதே நாள் காலையில் புல்லுக்குத் தீ வைத்திருந்தார். சாம்பலை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் அவர் இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம்தான் ஆகிறது.

முதல் மழை பெய்தது. வெந்த மண் அதைக் குடிக்கவில்லை, சாம்பலோடு சேர்த்துக் கீழே வழியவிட்டது. அந்தச் சரிவில் எங்கே என்ன விழுந்தாலும் கடைசியில் ஊர்த்தொட்டிக்குத்தான் வரும்.

"காட்டக் கொளுத்துன நிக்காசியோ வீட்டுக் குழாய வெட்டிரணும்" என்றாள் கமிட்டித் தலைவி ரெய்னால்டா, அன்று மாலைக் கூட்டத்தில். எலிபெர்த்தோ எழுந்தான்.

"அக்கா, நான் வந்து..."

"உக்காருடா. வெட்டப் போறவன் நீ. உங்கிட்ட யாரு யோசனை கேட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்தான்.

மறுநாள் நிக்காசியோ வாசலிலேயே நின்றிருந்தார். பின்னால் பாலாடைக்கட்டிப் பானைகள் கழுவாமல் கிடந்தன. தண்ணீர் நின்றால் அந்தத் தொழிலும் நின்றது.

"சரியான ஸ்பேனர் கொண்டாந்தியா தம்பி? போன தடவ மரையக் கெடுத்துட்டுப் போன."

"அண்ணே..."

"சொல்லு."

"நட்டு துருப்பிடிச்சிருக்கு."

"சும்மா திருகு. ஒம்மேல எனக்குக் கோவமில்ல. காபி குடிக்கிறியா?" கையிலிருந்த கோப்பையை நீட்டினார்.

நட்டு கழன்றது. குழாய் இருமிற்று, கலங்கல் கொஞ்சம் அவன் உள்ளங்கையில் வடிந்தது. அதில் விரல்நீளத்தில் கருகிய மக்காச்சோளத் தோகை ஒன்று ஒட்டியிருந்தது.

நிக்காசியோ குனிந்து அதை இரண்டு விரலால் எடுத்தார். சாம்பலை ஊதினார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். அவருடைய இன்னொரு கையில், எலிபெர்த்தோவை நோக்கி நீட்டிய காபிக் கோப்பை அப்படியே இருந்தது.