விதையிலிருந்து வளர்த்தது

ஸ்ட்ராபெரிக்கும் ஸ்ட்ராபெரி மரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழம் சிவப்பாக, உருண்டையாக, மேலெல்லாம் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். பூ பழமாக ஒரு வருடம் பிடிக்கும். அதனால் போன வருடத்துப் பழமும் இந்த வருடத்துப் பூவும் ஒரே கிளையில் நிற்கும். அவசரக்காரர்களுக்கு ஆகாத மரம். அதைத் தட்டையான தொட்டியில் வைத்து, முழ உயரம் தாண்டவிடாமல், போன்சாயாக வளர்ப்பது பொறுமைசாலிகளுக்கே ஆகாது. அவனுடைய மனைவி அதைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

விதை வாங்கினாள். ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் வைத்தாள். பிறகு விதைத்து, "விதையிலிருந்து வளர்த்தது" என்று வெள்ளை அட்டையில் எழுதி, தேதி போட்டுத் தொட்டியில் செருகினாள். முளைக்காது என்று அவன் தினமும் கேலி செய்தான். ஐந்தாம் மாதம் தொட்டியில் சாண் உயரத்துக்கு ஒரு செடி நின்றது.

"பாத்தியா? இப்ப என்ன சொல்றே?"

அவன் பல் ஆய்வுக்கூடத்தில் பொய்ப்பல் செய்கிறவன். பல்லைப் பற்றிக் கேட்டால் சொல்வான், செடியைப் பற்றி என்ன தெரியும்?

மூன்று வருடம் கழித்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மூன்று மாதம். பிறகு இல்லை.

எட்டு மாதம் கழித்து, மரத்துக்கு மண் மாற்றவேண்டும் என்று ஒரு புத்தகத்தில் படித்தான். வேரைச் சுத்தம் செய்யவும் என்று போட்டிருந்தது. பல் அச்சைக் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்து கழுவினான். ஒரு துளி பழைய மண் இல்லாமல் பளிச்சென்று கழுவினான். அடியில் ஒரு கம்பிச் சுற்று தெரிந்தது, போன்சாய்க்குக் கட்டுவதாக்கும் என்று விட்டுவிட்டான். பதினோரு நாளில் இலை முழுவதும் கொட்டிவிட்டது. அழுகை வரவில்லை. பெண்டாட்டிக்கு வராத அழுகை செடிக்கு வந்தால் ஊர் சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. ஞாயிறுதோறும் அத்தை வருவார். மனைவியின் அம்மா. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் நேராக பால்கனிக்குப் போய் மரத்தைப் பார்ப்பார்; போன வாரம்தான் காய்ச்சலென்று வரவில்லை. பிறகு காபி. பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டு அழைப்பு மணியை அமுக்குகிற ஆள் வேறு யாரும் இல்லை. மரம் போனால் அத்தையும் வரமாட்டார் என்பது அவனுக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது.

ஊரின் மறுகோடியில் இருந்த நர்சரிக்குப் போனான். கையில் மரத்தின் புகைப்படம், பல் அளக்கிற காலிபர்.

"இதே மாதிரி வேணும்."

"எல்லாரும் இதே மாதிரிதான் கேக்கறாங்க" என்றார் நர்சரிக்காரர்.

இருந்ததில் நெருங்கியதை எடுத்தான். ஒரு கிளையை வெட்டி, இரண்டைக் கம்பி சுற்றி வளைத்து, மண்கட்டி உடையாமல் பழைய தொட்டிக்கு மாற்றி, அட்டையைச் செருகினான். போலியை அசல்போலக் காட்டித்தான் அவன் சாப்பிடுகிறான். வேலை சுத்தமாக இருந்தது.

ஞாயிறன்று அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவனுக்கு டிக்கெட் இல்லாத பயணியின் வியர்வை.

"இலை கொஞ்சம் சிறுசா தெரியுதே மாப்ள?"

"வெயில் அத்தை, அதனால..."

"வெயில்தான்" என்றார் அத்தை, அவன் முடிப்பதற்குள். "வெயில்னா அப்படித்தான். அப்புறம் மாப்ள, வேரை மட்டும் தொட்டுடாதீங்க. மண்ணு மாத்தறேன்னு தோண்டிக்கிட்டு நிக்காதீங்க."

தெரிந்துபோய்விட்டதோ? அதற்குப் பிறகு அவன் அந்த மண்ணைத் தொடவே இல்லை.

நான்கு வருடம் ஓடியது. கிளைகள் படிந்தன. தண்டு சிவந்து தோல் உரிந்தது. போன வருடம் முதல்முறையாகப் பூக்களைக் கிள்ளாமல் விட்டான். இந்த வருடம் ஏழு காய். நான்கு உதிர்ந்து, மூன்று பழுத்தன. மாமியாரும் மருமகனும் அந்த மூன்றையும் மாதக்கணக்கில் காவல் காத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து போன்சாய் சங்கத்துச் செயலாளர் அம்மாள் வந்து சேர்ந்தார். மனைவிக்குத் தோழி.

"எட்டு வருஷ மரம்! கண்காட்சியில அவ நினைவா வைக்கலாம். விதைப் பிரிவுல இந்த வருஷம் உருப்படியா ஒண்ணுகூட இல்ல."

அத்தை மறுத்துவிடுவார் என்று நம்பி, "அத்தை சொன்னா சரி" என்றான் அவன்.

அத்தை அவனைப் பார்த்தார். "எனக்கென்ன? மாப்ள இஷ்டம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்று பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார் செயலாளர். அன்றைக்கு இரண்டு பேர் காபியும் ஆறிப்போனது.

கண்காட்சியன்று வழக்கமான நடுவருக்குக் கால் சுளுக்கு. அவருக்குப் பதிலாக, கையில் ஒரு சின்னத் தூரிகையோடு வந்தவர் அந்த நர்சரிக்காரர். அவர் கண்ணில் படாமலிருக்க அவன் சட்டென்று திரும்பினான். பக்கத்தில் அத்தையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"தண்ணி வேணுமா அத்தை?"

"ஒண்ணும் வேணாம். வெயில்."

மண்டபத்துக்குள் வெயில் இல்லை.

நடுவர் மரத்தை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். விதைப் பிரிவு என்றால் அடித்தண்டைப் பார்க்கவேண்டும் என்று, மேல்மண்ணைத் தூரிகையால் ஒதுக்கினார். மண்ணுக்கடியில், வேர் கிளம்பும் இடத்தில், செம்புக் கம்பி மூன்று சுற்று.

"இது பெரிய மரத்துக் கிளையில கம்பி இறுக்கி, அங்கேயே வேர் விடவச்சு, அப்புறம் வெட்டி எடுக்கறது. விண்பதியம். விதை எதுவும் கம்பி கட்டிக்கிட்டு முளைக்காது. அதுவும் என் கட்டு..."

நிமிர்ந்தார். அவனைப் பார்த்தார். "அட, நீங்களா!" பிறகு பக்கத்தில் பார்த்தார். "அம்மா, நீங்களுமா? ரெண்டு பேரும் ஒரே வீடா?"

மாப்பிள்ளையும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடுவர் அதற்குள் அட்டையை எடுத்துவிட்டார். "இந்தக் கையெழுத்துகூடப் பாத்திருக்கேன். முதமுத வாங்கிட்டுப் போனது ஒரு பொண்ணு, காலித் தொட்டியும் இந்த அட்டையுமா வந்தா. போட்ட விதை ஒண்ணும் முளைக்கல, வீட்டுல ஒருத்தன் கேலி பண்ணியே கொல்றான், இப்பத்தான் முளைச்ச மாதிரி ஒண்ணு குடுங்கன்னா. சாண் உயரத்துக்குக் கீழ இல்லம்மான்னேன். பரவால்ல, அவனுக்குச் செடியப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுன்னு..."

'நினைவாக' என்று பக்கத்தில் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தார். அட்டையை மெல்ல வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். போகும்போது, "மண்ணு கெட்டிப்பட்டுப் போச்சு, சீக்கிரம் மாத்துங்க" என்றார்.

விதைப் பிரிவிலிருந்து மரம் நீக்கப்பட்டது. மண்டபத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் மரத்தை நடுவில் வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நீங்க ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தீங்க" என்றார் அத்தை. "சாவியை எங்கிட்ட குடுத்து, தண்ணி மட்டும் ஊத்தும்மான்னா. பதினெட்டு நாள் அந்த நினைப்பே வரல. போய்ப் பாத்தா சருகு. அவ திரும்பி வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு ஓடிப்போய் வாங்கினேன். கேக்க அவ வரவே இல்ல."

"நான் குழாய்ல கழுவிட்டேன் அத்தை."

"எதை?"

"வேரை."

"வேரையா? படிச்சவர்தானே நீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சாண் உயரம். ஐந்தே மாதத்தில். ஒரு வார்த்தை கேட்காமல் நம்பியிருக்கிறான். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது சிரிப்பாகவும் இல்லை. அத்தை மறுபக்கம் திரும்பி, வரிசையில் நின்ற வண்டிகளின் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். அவன் ஓய்ந்த பிறகு திரும்பினார். ஒரு பழத்தைப் பறித்து அவனிடம் கொடுத்து, ஒன்றைத் தானும் வாயில் போட்டுக்கொண்டார்.

"சப்புன்னு இருக்கு."

"ஒரு வருஷம் பழுத்தது அத்தை."

"இதுக்கா இவ்வளவு பாடு?"

மூன்றாவதை இருவரும் தொடவில்லை.

அவன் அட்டையைச் சட்டைப் பையில் வைக்கப் போனான். "செருகுங்க, அது இருந்த இடத்துலயே இருக்கட்டும்" என்றார் அத்தை. அவன் செருகினான். மரத்தில் மிஞ்சிய அசல் அது ஒன்றுதான். எழுதியிருந்தது பொய்.

கடைசியில் கேட்டுவிட்டான். "இனிமே நீங்க ஒவ்வொரு வாரமும் வரணும்னு ஒண்ணும் இல்ல. வருவீங்களா?"

"பின்ன? மண்ணு மாத்தணுமில்ல?" அத்தை எழுந்து தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "நீங்க தனியா செஞ்சா மறுபடியும் கழுவிடுவீங்க. ஞாயித்துக்கிழமை வரேன். அதுவரைக்கும் குழாய்ப் பக்கம் போகாதீங்க."