குவியம் பிடிபட்ட இரவு

என் தம்பி நோபுயாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது நாகானோ மலையில், மூடிக்கிடந்த ஒரு பனிச்சறுக்கு விடுதியின் வாகன நிறுத்தத்தில். பிப்ரவரி. மைனஸ் பதினாறு டிகிரி.

தொலைநோக்கி அவன் காருக்குப் பின்னால் சில அடி தள்ளி நின்றது. அதைக் கணினியே குவியப்படுத்தும். சிறு மோட்டார் ஒன்று கேமராவை நூலிழையளவு நகர்த்தும். ஒவ்வொரு நிலையிலும் விண்மீனின் அகலத்தை அளந்து, திரையில் ஒரு புள்ளி வைக்கும். புள்ளிகள் பள்ளத்தாக்கைப்போல் இறங்கி ஏற வேண்டும். அடிமட்டம்தான் கூர்மை. அன்று அவை சிதறிக் கிடந்தன.

"மோட்டாரும் உன்னை மாதிரியே சோம்பேறிடா," என்றேன்.

"பேசாம அந்தத் திருகாணியைப் பாரு, அக்கா."

கேமராவைப் பிடிக்கும் திருகாணி இறுக்கமாகவே இருந்தது. லென்ஸில் உறைபனி இல்லை. ஆறு முறை முயன்றும் தோல்விதான்.

"மோட்டார் சுத்துதான்னு காதால கேக்கறேன்," என்று, சூட்டுக்காக ஓடிக்கொண்டிருந்த கார் இன்ஜினை அணைத்தான். அந்த ஒரு முறை மட்டும் பள்ளத்தாக்கு சரியாக விழுந்தது. இன்ஜினைப் போட்டதும் மறுபடி சிதறல்.

கண்டுபிடித்தது நான்தான்.

"டேய், உன் கார் புகைதான்டா! சூட்டுக்காத்து லென்ஸுக்கு முன்னாடி போகுது. நட்சத்திரம் கொதிக்குது!"

"அக்கா, உனக்கும் மூளை இருக்கு!"

தொலைநோக்கியை நகர்த்தியிருக்கலாம். துருவ விண்மீனுக்கு நேராக்க ஒரு மணி நேரம் பிடித்திருந்தது, அது வீணாகிவிடும். ஆகவே காரை எதிர்ப்புறம் கொண்டுபோய், பின்பக்கம் பனிச்சுவரில் புதையும்வரை தள்ளி நிறுத்தினான்.

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கோ."

"அம்மா மாதிரி ஆரம்பிக்காதே. போய் உன் வண்டில தூங்கு."

புகைக்குழாய் பனியில் அடைபட்டால் நச்சுவாயு காருக்குள் திரும்பும்; குளிர்காலம்தோறும் செய்தித்தாளில் வரும் விஷயம்தான். எனக்குத் தெரியும். இரண்டாம் முறை சொல்லவில்லை. விடியும்வரை எடுக்கவிருந்த அந்த விண்மீன் படம் எனக்கும் வேண்டியிருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு என் கைபேசிக்கு வரைபடம் வந்தது, வழவழப்பான பள்ளத்தாக்கு. "பாத்தியா?" என்று எழுதியிருந்தான். சிறிது நேரத்தில் இன்னொன்று: "தலை லேசா வலிக்குது. கண்ணை மூடறேன். மெஷின் பாத்துக்கும்."

மலை உயரம் செய்கிற வேலை என்று நினைத்தேன். "தூங்குடா" என்று பதில் அனுப்பினேன்.

மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் என் கைபேசிக்கு வந்தபடி இருந்தது. மணிக்கொரு முறை கருவி தன் குவியத்தைத் தானே திருத்திக்கொண்டது. விண்மீன்கள் ஊசி முனைகளாக நின்றன. எல்லாம் நன்றாகப் போகிறது என்று அரைத்தூக்கத்தில் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு அவன் காருக்கு நடந்து போனேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். பிறகு கல்லைத் தேடினேன்.

நான் கண்ணாடியை உடைத்தபோதும் மோட்டார் டிக் டிக்கென்று அடுத்த நிலைக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

மொத்தம் தொண்ணூற்று மூன்று படங்கள். ஒன்றில்கூடக் குறையில்லை. அவற்றை ஒன்றாகச் சேர்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும். இதுவரை நான் சேர்க்கவில்லை.