டமாரத்தின் சம்மதம்

டீச்சர் தன் புருஷனை விட்டுத் தனியாகப் போகப்போகிற கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது டமாரத்தின் இரண்டு காதும் ஒரே நேரத்தில் செத்தன.

சாவதற்கு முன்னால் காதுக்குள் ஒரு பெண் பேசினாள். தேன் தடவிய குரல். "எங்கள் சேவை விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. தொடர்ந்து கேட்க, உங்கள் சம்மதத்தைக் கைபேசியில் தெரிவிக்கவும்." அதையே இன்னொரு முறை சொன்னாள். பிறகு ஒன்றுமில்லை. தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தது போல் இருந்தது. எதிர்க் கண்ணாடியில் டீச்சரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

டமாரம் என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் "ஆங்?" என்றவளை யாரோ டமாரச் செவிடு என்றார்கள். நாளாவட்டத்தில் செவிடு உதிர்ந்து டமாரம் ஒட்டிக்கொண்டது. இப்போது இரண்டு நாற்காலி போட்ட பார்லருக்கு முதலாளி. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் டமாரம். காது மெஷின் வந்த பிறகு இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தாள்.

முடி வெட்டுவது அவளுடைய பாதித் தொழில்தான். மீதிப் பாதி கேட்பது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் டாக்டரிடம் மறைத்ததை அவளிடம் சொன்னார்கள். தலையையே ஒருத்தி கையில் கொடுத்துவிட்ட பிறகு வாயை மட்டும் மூடி வைத்து என்ன பயன். இந்தக் கடையில் விழுந்த பேச்சு வாசற்படி தாண்டியதில்லை. அதனால்தான், பக்கத்துத் தெருவில் குளிர்சாதனம் போட்ட பார்லர் வந்த பிறகும், பெண்கள் இந்த மின்விசிறிக்கு அடியில் வந்து வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஒரு நிமிஷம் டீச்சர். காது போச்சு," என்றாள். தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் திடுக்கிட்டதில் இருந்து கத்தியிருக்கிறோம் என்று புரிந்தது.

அடுத்த நாற்காலியில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த தங்கச்சி கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அக்காவின் போனை எடுத்தாள். குடும்பத்தில் இயந்திரங்களுக்குச் சம்மதம் சொல்வது அவள் பொறுப்பு. வாஷிங் மெஷினுக்கு அவள்தான் சொன்னாள், டிவிக்குச் சொன்னாள், போன வருஷம் வாங்கிய பல்புக்குக்கூடச் சொன்னாள். தன் கல்யாணத்துக்குச் சரி சொல்ல ஒரு வருஷம் இழுத்தடித்தவள், இதற்கெல்லாம் கண் இமைக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ள மாட்டாள்.

பச்சைப் பொத்தானுக்கு மேல் விரல் போனபோது டமாரம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னக்கா?"

"படிக்கணும்."

தங்கச்சி காதருகே வாயை வைத்துக் கத்தினாள். அப்படிக் கத்தினால் கொஞ்சம் விழும். "இதப் போயி யாராவது படிப்பாங்களா? பைத்தியமா உனக்கு?"

இதுவரை அவளும் படித்ததில்லைதான். கேட்டபோதெல்லாம் சரி என்று அமுக்கியிருக்கிறாள். ஆனால் முன்பெல்லாம் மெஷின் கம்பெனிக்காரர்கள் கேட்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தத் தடவை பேச்சின் நடுவில் காதைப் பிடித்துத் திருகிவிட்டு, வலி நிற்க வேண்டுமானால் சரி என்று சொல் என்கிறார்கள். அவளுடைய கணக்கு வாத்தியார் செய்த வேலை அது. அவருக்கும் அவள் சரி என்று சொன்னதில்லை.

படிப்பது சாமானியமாக இல்லை. எழுத்து ஈர் மாதிரி இருந்தது. ஈரை எடுக்கிற மாதிரிதான் ஒவ்வொரு வரியாக எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நேரத்தில் நாலே வரி தெரிகிற சின்னப் பெட்டி. விரல் கொஞ்சம் வேகமாக நகர்ந்தால் எங்கேயோ போய் நின்றது. போன் கண்ணை மூடித் திறந்தால் முதல் வரிக்கே திரும்பியது. மறுக்கிறேன் என்று ஒரு பொத்தானே இல்லை. "பிறகு" என்று வெளிறிப்போன ஒன்று ஓரத்தில் இருந்தது. அதை அமுக்கினால் அதே பக்கம் மறுபடி வந்து நின்றது. பச்சைப் பொத்தான் மட்டும் எங்கே போனாலும் கூடவே வந்தது.

மூன்றாவது தடவை முதல் வரிக்குத் தூக்கி எறியப்பட்டபோது டீச்சர் ஈரத் தலையோடு எழுந்து போனைப் பிடுங்கினாள். "குடுங்க இங்க. பரீட்சைப் பேப்பர் திருத்தறவ நான். இதவிடக் கேவலமான கையெழுத்தெல்லாம் படிச்சிருக்கேன்."

படித்தாள். வெகுநேரம் விரல் மட்டும் நகர்ந்தது. திடீரென்று நின்றது. கண்ணாடியில் அவள் முகம் மாறியதை டமாரம் பார்த்தாள்.

"இதுல என்னைப் பத்தி எழுதியிருக்கு," என்று டீச்சர் காதருகே கத்தினாள்.

"உங்களப் பத்தியா?"

டீச்சர் வகுப்பில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "சேவையின் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு, கருவி உணரும் ஒலிகள், பயனரின் அருகில் உள்ள பிறரது குரல்கள் உட்பட, சேகரிக்கப்படலாம், சேமிக்கப்படலாம், எங்கள் பங்காளர்களுடன் பகிரப்படலாம். அத்தகைய பிறரின் சம்மதத்தைப் பயனர் முன்கூட்டியே பெற்றுவிட்டதாக இதன்மூலம் உறுதியளிக்கிறார்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாய நாற்காலியில் தலையில் பிளாஸ்டிக் தாளோடு இருந்த இன்சூரன்ஸ் அம்மா வாயைத் திறந்து அப்படியே வைத்திருந்தாள்.

"நீங்க எங்கிட்ட சம்மதம் வாங்கினீங்களா?" என்றாள் டீச்சர்.

"இல்ல."

"இப்ப கேளுங்க."

"நீங்க பேசறது இவங்களுக்குப் போகலாமா டீச்சர்?"

"செத்தாலும் போகக்கூடாது."

டமாரம் இன்சூரன்ஸ் அம்மா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

"எனக்கென்ன, நான் என்ன ரகசியமா பேசறேன்? எடுத்துட்டுப் போகட்டும்," என்று டமாரத்தின் காதுப்பக்கம் எட்டிக் கத்தியவள் சட்டென்று கையைத் தூக்கினாள். "ஏ, இருங்க. போன வாரம் என் ஓரகத்தியப் பத்திப் பேசினேன்ல? வேணாம். எழுதிக்கங்க, வேணாம்."

தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டு அக்காவின் காதில் கத்தினாள். "அக்கா, அமுக்கிட்டு வேலையப் பாருக்கா. இதையெல்லாம் எவன் ஒக்காந்து கேக்கப்போறான்?"

"எவனும் கேக்க மாட்டான்னா எதுக்குடி எடுக்கறான்?"

தங்கச்சி தன் நாற்காலிக்குத் திரும்பினாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

செவிட்டுக் காதோடு டமாரம் டீச்சரின் முடியை வெட்டி முடித்தாள். டீச்சர் நடுவில் "போதும்" என்று சொல்லியிருக்கிறாள். அப்போது டமாரத்தின் கண் கண்ணாடியில் இல்லை, பிடரியில் இருந்தது. இடது பக்கம் இரண்டு விரல்கடை ஏறிப்போனது. டீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்ல, புது வீட்டுக்குப் புதுத் தலை," என்று சொன்னதைத் தங்கச்சி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. டமாரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சர் பொறுத்துக்கொள்வாள். அடுத்தவள் பொறுக்க மாட்டாள். காது இல்லாமல் இந்தக் கடை ஒரு மாதம் ஓடாது. அமுக்கினால் ஓடும், ஆனால் ஒவ்வொருத்தி வாயைத் திறக்கும்போதும் அவளை விற்றுக்கொண்டு ஓடும். கத்தரியை வைத்துவிட்டு, மெஷின் வாங்கிய கடைக்குக் கிளம்பினாள்.

கடை பளிங்குத் தரையும் சோபாவுமாக இருந்தது. காத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று. கவுன்ட்டரில் டை கட்டியவன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். உதடு நன்றாக அசைந்தது. ஒரு சொல்லும் விழவில்லை.

"சத்தமா பேசு தம்பி. உங்க கம்பெனி என் காத மூடிடுச்சு."

அவன் போனை வாங்கிப் பார்த்து, நிம்மதியாகச் சிரித்து, பச்சைப் பொத்தானைக் காட்டினான். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்க விதிமுறைப்படியே நடந்துட்டேன். எல்லார்கிட்டயும் சம்மதம் கேளுன்னு போட்டிருக்கு. கேட்டேன். யாரும் தரல. அதனால நான் சம்மதம்னு சொன்னா பொய். பொய் சொல்ல முடியாது. காதத் தொறந்து விடு."

அவன் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டப் போனான். "எழுதாத. காலைலேர்ந்து படிச்சுப் படிச்சு கண்ணும் போச்சு. வாயால சொல்லு."

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம்!" என்று அவன் கத்தினான். "சும்மா போட்டிருக்கறது!"

சோபாவில் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

"எது சும்மா? குரல எடுக்கறதா, அனுமதி கேட்டேன்னு சொல்லச் சொல்றதா?"

"ரெண்டும்... இல்ல மேடம், குரல எடுக்கறது சும்மா இல்ல! அது தரத்த மேம்படுத்த!"

ஜன்னலோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாள் எழுந்து வந்தாள். "யார் குரல எடுக்கறாங்க? இவரு காதுல இருக்கற மெஷினுமா எடுக்குது?"

"எல்லா மாடலும்தாம்மா," என்றான் அவன், இந்தத் தடவை மெதுவாக.

"அப்ப நான் இவர ராத்திரி திட்டறதெல்லாம்?"

"எனக்கே கேக்கறதில்ல," என்றார் பெரியவர். "கம்பெனிக்காவது கேக்கட்டும்."

"நீங்க வாய மூடுங்க."

கூட்டம் கவுன்ட்டருக்கு நகர்ந்தது. சோபாவில் ஒருத்தன் காதிலிருந்ததைக் கழற்றி, புழுவைப் பார்ப்பது போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். டை கட்டியவன் வியர்த்தான். டமாரத்தின் பக்கம் குனிந்து, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னவோ சொன்னான்.

"கேக்கல."

இன்னும் நெருங்கிச் சொன்னான். கண் உள்ளறைக் கதவு பக்கம் போய்ப் போய் வந்தது. ரகசியம் சொல்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. செவிட்டுக் காதில் யாராலும் ரகசியம் சொல்ல முடியாது என்பது அவனுக்கு இன்னும் புரியவில்லை.

"எதுவானாலும் கத்திச் சொல்லுப்பா. எனக்கு வேற வழியில்ல."

அவன் கதவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

"ஒயர்ல போட்டு ஒருதடவ மாத்திட்டா போன் இல்லாமலே ஓடும்!"

கவுன்ட்டரைச் சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கினார்கள்.

"போன் இல்லாம எப்படி?"

"பழைய மாதிரி! எந்த விதிமுறையும் வராது, எதுவும் எங்கயும் போகாது! ஆனா சத்தத்தக் கூட்டவோ கொறைக்கவோ முடியாது, இரைச்சலத் தனியா வடிகட்டாது! எல்லாத்தையும் அப்படியே உள்ள விடும்!"

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம்!" அதையும் அவன் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு, என்னவோ பாரம் இறங்கியவன் மாதிரி, டையைத் தளர்த்திக்கொண்டான்.

உள்ளே போய்ச் சின்னப் பெட்டியும் ஒயரும் எடுத்து வந்தான். அவள் காதிலிருந்து இரண்டையும் வாங்கி, ஒயரில் கோத்து, எதையோ அமுக்கி, ஒயரைக் கழற்றினான். திரும்ப மாட்டியபோது உலகம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அவன் மூச்சு, மின்விளக்கின் ரீங்காரம், யாரோ செருப்பைத் தேய்ப்பது, பெரியவரின் இருமல். எல்லாம் ஒரே உயரத்தில். அவள் பல்லைக் கடித்தாள்.

"கேக்குதா மேடம்?"

"கத்தாதப்பா. காது இருக்கு எனக்கு."

அவன் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பலகை போன்ற கம்ப்யூட்டரை அவள் பக்கம் தள்ளினான். "இதுல ஒரு சம்மதம் மட்டும் குடுத்துடுங்க."

"இது என்ன?"

"விதிமுறைகள ஏத்துக்கலங்கறதுக்கான விதிமுறைகள்." சொல்லும்போது அவனுக்கே கூச்சமாக இருந்தது. "கொஞ்சம் பக்கந்தான்."

கீழே அதே பச்சைப் பொத்தான். பெரியவரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

"குடுக்கலன்னா காது நின்னுடுமா?"

அவன் கையில் சுருட்டி வைத்திருந்த ஒயரைப் பார்த்தான். "நிக்காது."

"அப்ப நீயே வச்சுக்க."

"மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்றது மேடம்?"

"சொன்னோம், செவிட்டு முண்டத்துக்குக் காதுல விழல, போயிடுச்சுன்னு சொல்லு."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். கவுன்ட்டருக்கு முன்னால் இருந்த காலி நாற்காலியில் பெரியவரை அவர் மனைவி தோளைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். "இவருக்கும் அந்த ஒயரு. சீக்கிரம். நான் இன்னிக்கு நிறையப் பேச வேண்டியிருக்கு." அவளுக்குப் பின்னால், மெஷினை உள்ளங்கையில் ஏந்தியவன் நின்றான். அவனுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். உள்ளறைக் கதவு திறந்தது. மேனேஜராக இருக்க வேண்டும். டை கட்டியவன் ஒயரைக் கீழே வைக்கவில்லை.

தெருவில் காலை வைத்ததும் பஸ்ஸின் பிரேக் அவள் மண்டைக்குள் கிறீச்சிட்டது. ஷட்டரை எவனோ இழுத்தான், எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது, சாலையின் அந்தப் பக்கம் இரண்டு பேர் பார்க்கிங்குக்காகச் சண்டை போட்டார்கள். எது கிட்டே எது தூரம் என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அத்தனையும் ஒரே பலத்தோடு வந்து அறைந்தன. நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. அவள் கையைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. கடையில் அடுத்தவள் காத்திருப்பாள், பேச ஏதாவது வைத்திருப்பாள். நடையை எட்டிப் போட்டாள்.