வால்வுப் பக்கத்து மஞ்சள் புள்ளி

புள்ளி அழகாக இருந்தது. அதுதான் கோட்டத்துக்குப் பிடிக்கவில்லை.

கோட்டம் என்பது பட்டப்பெயர். வளைந்த வீல்களுக்குக் கோட்டம் எடுத்து எடுத்து அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆள் என்னவோ நேர்தான். பேச்சும் அப்படியே, வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதனாலேயே அவருக்குச் சிநேகிதர்கள் கம்மி. பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் போட்டு, வேண்டியவர் ஆசைப்படி மறுபடி கட்டித் தருகிற பட்டறை அது. வீலும் டயரும் கோட்டத்தின் பொறுப்பு. இன்ஜினும் வருகிறவர்களிடம் வாயளப்பதும் மாப்பிள்ளை பொறுப்பு. மாப்பிள்ளை என்றால் தங்கச்சி புருஷன். டேங்க்கில் கோடு இழுப்பது, எழுத்து எழுதுவது எல்லாம் தங்கச்சி. வெளியாள் ஒருத்தர் கிடையாது, எல்லாம் சொந்தம், அதுதான் இந்தப் பட்டறையின் பலம் என்று ஊரே மெச்சியது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும்.

வீலைக் கட்டி, ஸ்போக்ஸ் கம்பிகளை இழுத்து, சுற்றவிட்டுப் பார்த்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டிச் சத்தம் கேட்டு, டயர் மாட்டி, எல்லாம் சரி என்று மனசு ஒப்பினால் மட்டும் கோட்டம் ஒரு தீக்குச்சியை மஞ்சள் பெயிண்ட்டில் முக்கி, ரிம்மில் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வழியும், இன்னொரு பக்கம் வால் முளைக்கும். தங்கச்சி அதைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. ஆனால் வண்டி எடுக்க வருகிறவர்கள் அவள் இழுத்த கோட்டைப் பார்க்கிறதுக்கு முன்னால், குனிந்து இந்த எச்சத்தைத்தான் தேடுவார்கள்.

பேக்கரிக்காரர் வண்டியின் பின்வீலில் இருந்த புள்ளிக்கு வழிசலும் இல்லை, வாலும் இல்லை. காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி ஒரு வட்டம்.

மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்துவிட்டு, அன்று காலைதான் கோட்டம் பட்டறைக்குத் திரும்பியிருந்தார். போகும்போது இந்த வண்டியின் வீல் இரண்டையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். வைத்த புள்ளி எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாதா? குந்தி உட்கார்ந்து ரிம்மை விரலால் துடைத்தார். பழைய கம்பெனியின் முத்திரை பளபளவென்று தெரிந்தது. அவர் போட்ட புது ரிம்மில் முத்திரையே கிடையாது.

அந்தப் பழைய ரிம்மை அவர் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார். உள்பக்கத்து ரப்பர் பட்டையை உரித்தபோது, கம்பி ஓட்டைகளைச் சுற்றித் துரு அரித்திருந்தது. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் வேறு. வெளியே குரோம் பூசிவிட்டால் மகாராஜா மாதிரி இருக்கும், உள்ளே மண்டபம் இடிந்து கிடக்கும். பேக்கரிக்காரர் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, மலை ஏறி இறங்கி, அந்தப் பக்கம் நடக்கிற பழைய வண்டிக் கண்காட்சிக்குப் போகப் போகிறார். இரண்டு ஆள் கனம், பை கனம், இறக்கம் முழுக்க பிரேக். அந்த விரிசல் வாய் திறக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

டயர் விஷயத்திலும் ஆரம்பத்திலிருந்தே இழுபறிதான். முதலில் மாப்பிள்ளை பின்னால் யானைக்கால் மாதிரி தடித்த டயர் வேண்டும் என்றார். ஒடுங்கின ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் தோள்பட்டை குறுகிப் போகும், வளைவில் சாயும்போது பிடி கொடுக்காது என்று கோட்டம் மறுத்தார். அப்புறம் மாப்பிள்ளை, கண்காட்சியில் ரிம் முத்திரையைப் பார்த்துத்தான் மார்க் போடுவார்கள், பழைய ரிம்மையே போடலாம் என்று ஆரம்பித்தார். கோட்டம் அவரைக் கூப்பிட்டு விரிசலைக் காட்டினார். அதே அகலத்தில் புது ரிம், இரண்டு பேர் கனம் தாங்கும் என்று பக்கத்திலேயே அச்சடித்த டயர், ரோட்டில் படுகிற பட்டன் வார்ப்பு மட்டும் பழைய காலத்து மாதிரி, இதுதான் நல்லது என்றார். மாப்பிள்ளை தலையை ஆட்டி, மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டார். அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொண்டதே தப்பு. அப்போது கோட்டத்துக்கு உறைக்கவில்லை.

இப்போது டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம்தான் வலித்தது. தயாரான வாரத்தையும் வருஷத்தையும் சொல்கிற எண் பக்கவாட்டில் இருக்கும், அதற்கு நாலு இலக்கம். இதில் மூன்றே இலக்கம். மூன்று இலக்கம் போன நூற்றாண்டோடு முடிந்துபோன சமாச்சாரம். முன்வீலுக்குப் போனார், அங்கேயும் அதே கதை. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர்கள். அச்சில் வந்த ரப்பர் மீசைகூட உதிரவில்லை. எங்கேயோ கிடங்கில் தூங்கிக் கிடந்து கல்லாகிவிட்டவை. பார்க்கிறவன் புதுசு என்று சத்தியம் பண்ணுவான்.

கம்பிகள் எல்லாம் வந்து சேர்கிற நடுக்குடம், ஹப், அந்த வண்டியின் பின்வீலுக்கு ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீலை அவிழ்த்து, அதே ஹப்பில் செத்த ரிம்மைக் கோத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அது இதுதான்.

இன்ஜின் மேடையில் டீ குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் போய்க் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை மாப்பிள்ளைக்கும் முடியாமல் போகவே, மச்சான் மச்சான் என்று குழைந்தார். கண்காட்சிக்கு மட்டும்தானாம். பரிசு வாங்கித் திரும்பியதும் ராவோடு ராவாக நல்ல வீலை மாட்டிவிடலாமாம். மலைப் பாதையில் போகும்போது விரிசல், கண்காட்சி முடியட்டும் என்று காத்திருக்குமா என்று கோட்டம் கேட்டார். மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன் என்றார் மாப்பிள்ளை. புள்ளி வைத்தது யார் என்று கேட்டதற்கு, நான்தான் என்று பட்டென்று பதில் வந்தது.

பட்டென்று வந்ததிலேயே பொய் தெரிந்தது. மாப்பிள்ளை கைக்குப் பெயிண்ட் டப்பாவை மூடக்கூட வராது. ஒரே தொடலில் விளிம்பு பிசிறாமல் அப்படி ஒரு வட்டம் வைக்க அந்தப் பட்டறையில் ஒரே ஒரு கைதான் உண்டு. அண்ணன் மாதிரி அசிங்கமாக வைக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். தொழில் விடவில்லை. கோட்டம் பெயிண்ட் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி முதுகைக் காட்டிக்கொண்டு பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போக அவருக்குக் கால் வரவில்லை.

அதற்குள் பேக்கரிக்காரரும் அவர் சம்சாரமும் வந்துவிட்டார்கள். கையில் ஹெல்மெட், தோளில் பை, இரண்டு பேர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை. பேக்கரிக்காரர் வந்ததும் வராததுமாகக் குனிந்து புள்ளியைத் தேடினார், கண்டுபிடித்தார், அப்பாடா என்று நிமிர்ந்தார்.

இந்த வண்டி இன்றைக்குப் போகாது என்றார் கோட்டம். ரிம் கேடு, டயர் அதைவிடக் கேடு, இது நான் கட்டிய வீலே இல்லை என்றார். பேக்கரிக்காரருக்கு ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, மச்சான் ஆஸ்பத்திரியில் தூக்கம் கெட்டு வந்திருக்கிறார், அவருக்கு எதைக் கண்டாலும் சந்தேகம் என்று மழுப்பினார். கோட்டம் தங்கச்சியைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை ஆயிரம் சொல்லட்டும், அவள் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மாட்டாள் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

"அண்ணன்தான் கட்டினாரு சார். புள்ளிகூட இருக்கு பாருங்க. நீங்க எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

தன் காது கேட்டதைக் கோட்டத்தால் நம்ப முடியவில்லை. பேக்கரிக்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாவியைக் கேட்டார். மாப்பிள்ளை சாவியை நீட்டினார். இனி பேசிப் பயனில்லை. கோட்டம் சுவரிலிருந்த பெரிய கட்டரை எடுத்து வந்து, பின்வீலின் கம்பிகளை வெட்ட ஆரம்பித்தார். டங், டங் என்று ஒவ்வொன்றாகத் தெறித்தது. பேக்கரிக்காரர் என்ன ஐயா அக்கிரமம் என்று கையைப் பிடித்தார். மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்து இழுத்தார். வண்டி உட்கார்ந்த பிறகுதான் கோட்டம் நிறுத்தினார்.

பிறகு வீலைக் கழற்றி, டயரை நெம்பி, பட்டையை உருவி எறிந்துவிட்டு, ரிம்மை அந்த அம்மாவிடம் நீட்டினார். புருஷனிடம் கொடுக்கவில்லை, பின்னால் உட்காரப் போகிறவர் அந்த அம்மாதானே. அவர் துருவில் விரலை வைத்துப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

பேக்கரிக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உங்க புள்ளியை நம்பித்தாங்க என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தேன்," என்றார் கோட்டத்திடம். "இத்தனை வண்டிக்கு வச்சிருக்கீங்களே, அதுல எது உங்களது, எது இவங்களதுன்னு உங்களுக்கே தெரியுமா?"

அந்தக் கேள்வி நியாயம். உயிரைக் காப்பாற்றியவருக்கும் அதே பழி, உலை வைத்தவருக்கும் அதே பழி. அவர்கள் கண்ணுக்கு மூன்று பேரும் ஒரே குடும்பம்தானே.

மதியத்துக்குள் ஒரு வேன் வந்தது, வண்டியை வேறு பட்டறைக்கு ஏற்றிப் போக. மாப்பிள்ளை பரணில் சாக்குப் போட்டு மறைத்து வைத்திருந்த புது ரிம்மையும் புது டயர்களையும் கோட்டம் தேடி எடுத்து, அவரே வேனில் ஏற்றினார். இதையே போடச் சொல்லுங்கள் என்றார். பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா மட்டும் தலையசைத்தார்.

மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார். பட்டறையில் அண்ணனும் தங்கச்சியும் மட்டும். அவள் பெயிண்ட் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர் வெட்டின கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று யாராவது சொன்னால், போடா, உனக்கு என் தங்கச்சியைத் தெரியாது என்று சொல்கிற ஆள் அவர்.

அவளே ஆரம்பித்தாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் புள்ளி இருக்கா, புள்ளி இருக்கா என்றுதான் கேட்கிறானாம். அவள் புருஷன் ராப்பகலாகக் கரியில் கிடந்து இன்ஜினுக்கு உயிர் கொடுத்தால், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதாம். அவர் பெயர் சொல்ல ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு பரிசு, அதற்குத்தான் ஆசைப்பட்டாராம். அண்ணன் எப்பவும் சரிதான், ஆனால் எப்பவும் சரியாக இருக்கிற ஆளின் நிழலில் குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும் என்றாள்.

கோட்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதுகூட அவருக்குத் தெரிந்தது. அவளுக்கு விவரம் தெரியாது, புருஷன் சொன்னதை நம்பிக் கை நீட்டிவிட்டாள், அவ்வளவுதான் என்று ஒரு மூலையில் மனசு அவளுக்காக வக்காலத்து வாங்கியது. அது நிஜமாக இருந்துவிட்டால் போதும், பட்டறை போனால் போகட்டும் என்று தோன்றியது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா," என்றார். "அந்த வீல்ல மாப்பிள்ளை உன்னைப் பின்னாடி உக்கார வச்சு மலை இறங்குவாரா?"

தங்கச்சி காலடியில் கிடந்த ஒரு கம்பித் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன்," என்றாள். "சத்தியமா மாட்டேன்னாரு."

"எப்போ கேட்ட?"

"புள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி."