பாதி ரோடு

அந்த ஞாயிற்றுக்கிழமை தை மாதக் கடைசியிலா, மாசி பிறந்த பிறகா என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ராஜசேகர் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார் என்கிறார்கள் சிலர். எனக்கு அது சாம்பல் நிறமாகத்தான் நினைவிருக்கிறது. யார் முதலில் பேசினார்கள், யார் பிறகு பேசினார்கள் என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. ஆனால் சசிரேகா வெகுநேரம் வாயே திறக்காமல் நின்றாள் என்பதில் மட்டும் சந்தேகம் கிடையாது. அன்று அங்கே இருந்த எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

சசிரேகாவுக்கு ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. லைனிலிருந்து இறங்கும் புதுக் காரை ஓட்டிக்கொண்டு போய் யார்டில் நிறுத்த வேண்டும். நடந்து திரும்பி வந்து அடுத்த காரை எடுக்க வேண்டும். யார்டுக்குள் வேகம் இருபது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஊரில் யாரும் உட்கார்ந்து பார்க்காத கார்களில் முதலில் உட்காருகிறவள் அவள்தான். ஆனால் அதில் எந்தக் காரையும் இரண்டாம் கியருக்கு மேல் அவள் அறிந்ததில்லை. நாள் முழுக்க நத்தை மாதிரி ஊர்ந்துவிட்டு வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கால் சும்மா இருக்குமா? மெக்கானிக் கடையில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த ஒரு பழைய, நீளமான எஸ்டீம் காரை வாங்கி, உயிர் கொடுத்து, அமெச்சூர் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரகடம் மோட்டார் கிளப் என்று பெயர்தான் பெரிது. எல்லாம் ஷிப்ட் ஆட்கள். பந்தயமும் டிவியில் காட்டுகிற பந்தயம் இல்லை. பாதையில் கோன்களை நிறுத்தி வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கடிகாரத்தோடுதான் போட்டி. கோனைத் தட்டினால் நேரம் கூடும். அவ்வளவுதான். ஆனாலும் அந்த வருஷத்து மாநில சாம்பியன்ஷிப்பில் கடைசிச் சுற்று ஒன்றுதான் பாக்கி என்றபோது, புள்ளிப் பட்டியலில் சசிரேகா முதலிடத்தில் இருந்தாள். அவளை ஒட்டிக்கொண்டு இரண்டாவதாக, அதே கிளப்பைச் சேர்ந்த டெனிசன். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பையன். சின்ன மாருதி எயிட் ஹண்ட்ரட் ஒன்றை வைத்துக்கொண்டு எலி மாதிரி கோன்களுக்கு நடுவே நுழைந்து வருவான்.

கடைசிச் சுற்று வழக்கமாகக் கோயம்புத்தூரில்தான் நடக்கும். இந்த முறை எங்களுக்குத் தாருங்கள் என்று கிளப் கேட்டது. நல்ல இடமாகக் காட்டுங்கள், எங்கள் ஆள் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் கோயம்புத்தூர்தான் என்று பந்தயத்தை நடத்துகிற மாநிலச் சங்கம் சொல்லிவிட்டது. மற்றவர்களுக்கு அது ஒரு கௌரவப் பிரச்சினை. சசிரேகாவுக்கு அப்படியல்ல. அவள் காண்ட்ராக்டில் இருப்பவள். கோயம்புத்தூரென்றால் தேதியைச் சங்கமே வைக்கும், ஆலை ஓடுகிற நாளாகத்தான் இருக்கும். சனிக்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை திரும்பினால், செவ்வாய்க்கிழமை அவள் ஓட்ட வேண்டிய காரில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். இங்கே நடந்தால் அவள் ஓட்டலாம். அங்கே நடந்தால் போனில் முடிவைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஐப்பசி மழையில் அவர்கள் இடம் தேடினார்கள். தண்டலம் பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் தேர்வு வருகிறது என்றார்கள். டிரெயிலர் நிறுத்துகிற கான்கிரீட் யார்டில் குறுக்கே ஒரு சாக்கடை மூடி எழும்பி நின்றது. கடைசியில் சிப்காட் புது விரிவாக்கத்தில் அந்த ரோட்டைக் கண்டார்கள். மனைகள் பிரித்தாகிவிட்டது, ஒரு தொழிற்சாலையும் வரவில்லை. அகலமான இரட்டை ரோடு, நடுவே திட்டு, கோடியில் ஒரு பெரிய ரவுண்டானா. மழை கழுவிவிட்டதில் தார் கறுப்பாகப் பளபளத்தது. ஒரு பக்கத்தில் போய், ரவுண்டானாவைச் சுற்றி, மறு பக்கத்தில் திரும்பி வரலாம். அந்த நீண்ட வளைவைப் பார்த்ததுமே சசிரேகா அதன் நெடுக நடந்துவிட்டு வந்தாள். எஸ்டீமுக்கென்றே போட்டு வைத்தது போல இருந்தது. இத்தனை நீளமான வளைவில் எலி என்ன செய்யும்?

சிப்காட் அலுவலகத்தில் அனுமதியும் கிடைத்தது. தேதியைக் குறித்தவர் கிளப் தலைவர் டில்லிபாபு, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். பொங்கல் கழிந்து ஆலையைப் பராமரிப்புக்காக மூடும் வாரத்தைப் பார்த்துக் குறித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் ஒரு காலத்தில் வயல் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தர் வாயிலிருந்தும் அறுப்பு என்ற சொல் வரவில்லை.

சங்கத்தின் ஆளாக ராஜசேகர் இடம் பார்க்க வந்த அன்று காலை, ரோட்டைக் காணோம்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெல். திட்டுக்கு இந்தப் பக்கமும் நெல், அந்தப் பக்கமும் நெல். ரவுண்டானாவைச் சுற்றிக்கூட யாரோ அழகாக வளைத்துப் பரப்பியிருந்தார்கள். பெண்கள் வெறுங்காலால் நெல்லை அளைந்துகொண்டு போனார்கள்.

"இன்னா தலைவரே, டிராக்கு மஞ்சளா கீது?" என்றான் டெனிசன். சென்னைப் பக்கத்துப் பேச்சைக் கிண்டலுக்கு மட்டும் எடுப்பான்.

"வாய மூடு" என்றார் டில்லிபாபு. அவர் முகம் சுண்டிவிட்டது.

ராஜசேகர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இளவயதில் தானும் ஓட்டியவர். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அறுப்பு நேரம் இல்லியா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எல்லோருக்கும் தலை கவிழ்ந்தது.

நெல் நடுவிலிருந்து ஒரு பெண் முக்காட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தாள். சசிரேகாவின் அப்பாவுடன் பிறந்த கனகம்.

"ரேகா! இன்னாடி இங்க? ஞாயித்துக்கெயமகூட வூட்டுல இருக்க மாட்டியா?"

"இந்த ரோட்டுலதான் அத்தே எங்க ரேஸு. வர்ற ஞாயித்துக்கெயம வுட்டு அடுத்த ஞாயித்துக்கெயம."

"ரேஸா? இங்கியா?" கனகம் ரோட்டை ஒரு முறை பார்த்தாள். "அப்ப நல்லதாப் போச்சு. நெல்லு இந்த மாசம் பூரா காயும், இன்னும் பத்து நாள்ல உளுந்துச் செடியும் கொண்ணாந்து போடுறோம். உங்க காருங்க மேல ஓடுனா தானா அடிபட்டுடும். எங்களுக்குக் கூலி மிச்சம்."

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். ராஜசேகர் சிரிக்கவில்லை. "அம்மா, சைலன்சர்ல செடி மாட்டுனா தீப்பிடிக்கும்" என்றார் பதற்றத்தோடு.

"அய்ய, தமாசுக்குச் சொன்னேன் சார். உக்காருங்க, மோர் குடிங்க."

டில்லிபாபு சசிரேகாவை ஓரமாகக் கூப்பிட்டார். "பர்மிஷன் நம்ம கையில கீது சசி. ஆபீசுக்கு ஒரு போன் போட்டா, ஆள் வந்து கிளியர் பண்ணிக் குடுத்துடுவான். உன் அத்தைன்னு பாக்காத. ஒரு வாரம் வேற எங்கனா காயவெச்சுக்கட்டும்."

வேறு எங்கே? சசிரேகா சுற்றிப் பார்த்தாள். களமாக இருந்த இடம் இப்போது மனை, எண் போட்ட கல் நட்டு, முள்கம்பி இழுத்தாகிவிட்டது. அத்தைக்கு மிஞ்சியது ஏரிக்கரையை ஒட்டிய ஒரு துண்டு. அதில் விளைந்தது காய்வதற்கு ரோட்டைவிட்டால் வீட்டுக் கூரைதான். அதோடு, இன்று போன் போட்டு வாங்கிய ரோடு அடுத்த வருஷம் கிடைக்குமா? ஊர்க்காரர்கள் குறுக்கே டிராக்டரை நிறுத்திவிட்டால் யாருக்குப் போன் போடுவது?

அவள் நெல்லின் ஓரம் வரை நடந்து போய் நின்றாள்.

ராஜசேகர் மோரைக் குடித்துவிட்டு வந்தார். "நெல்லு ஒரு பக்கம் இருக்கட்டும். அது இல்லேன்னாகூட எனக்கு இந்த இடத்துல ஒரு பயம் இருக்கு. கூட்டம். உங்க ஆளுங்க, ரெண்டு ஊரு ஜனம், பஸ்ஸை நிறுத்திட்டு வேடிக்கை பாக்குறவன் எல்லாம் வருவான். போன வருஷம் வேலூர்ல கயிறு கட்டுனோம், வாலண்டியர் போட்டோம். கடைசிக் கார் வர்ற நேரத்துல கயித்தத் தாண்டி செல்பி எடுக்க வந்துட்டான் ஒருத்தன். கயிறெல்லாம் நம்ம ஜனத்த நிறுத்தாதும்மா. கோயம்புத்தூர்ல காம்பவுண்டு இருக்கு. அங்கியே வெச்சுக்கலாம்."

"பாத்துக்கலாம் சார், இன்னும் நூறு மீட்டர் கயிறு..." என்று டில்லிபாபு இழுத்தார். அவருக்கே நம்பிக்கை இல்லை.

டெனிசன் சசிரேகாவின் பக்கத்தில் வந்து நின்றான். கிண்டல் போய்விட்டிருந்தது. "கோயம்புத்தூருன்னா எனக்குத்தான் கப்பு. ஆனா நீங்க இல்லாம வாங்குனா அது என்னக்கா கப்பு? ஊருல அம்மாகிட்டச் சொல்ல முடியுமா?"

அவளுடைய மௌனம் கிளப்பில் பிரசித்தம். பந்தயத்துக்கு முன்னால் காருக்குள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், தூங்குகிறாளோ என்று தோன்றும். இப்போது அவள் பார்வை ரோட்டின் மேல் இருந்தது. தூரத்தில் ஒரு கம்பெனி பஸ் நின்று ஆட்களை இறக்கியது. எதிர்ப்புறம், மர நிழலில் ஒரு டீ வண்டி. நேராகக் கடந்தால் அறுபது அடி. இறங்கியவர்கள் நெல்லின் ஓரத்துக்கு வந்தார்கள், நின்றார்கள், பிறகு ஓரமாகவே நடந்து, நெல் முடிகிற இடம் வரை போய், சுற்றிக்கொண்டு டீ வண்டிக்கு வந்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. கயிறு இல்லை, விசில் இல்லை. பீகார் பையன்கள் இருவர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஓரத்தில் கால் பட்டதும் அவர்களும் விலகிச் சுற்றிப் போனார்கள்.

அடுத்த பஸ்ஸும் வந்தது. அப்படியேதான் நடந்தது.

"சார்" என்றாள் சசிரேகா. எல்லோரும் திரும்பினார்கள். "அந்த டீ வண்டிக்கு நேரா நடந்து போங்க, பாக்கலாம்."

"எதுக்கு?"

"சும்மா போங்க சார்."

ராஜசேகர் குழம்பியபடியே கிளம்பினார். ஷூ முனை நெல்லைத் தொட ஒரு விரற்கடை இருக்கையில் நின்றார். குனிந்து பார்த்தார். வலது காலைத் தூக்கினார், அது அந்தரத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வர மாட்டேங்குது கால்" என்றார்.

"யாருக்கும் வராது சார். கெழக்குப் பக்கம் மனைங்க, முள்கம்பி வேலி கீது, அந்தப் பக்கத்துலேர்ந்து ஆள் வர முடியாது. கெழக்கு ரோட்டுல நாம ஓட்டுவோம். நடுவுல திட்டு, திட்டு நெடுக டயர் அடுக்கிடுவோம். மேக்கு ரோடு மொத்தமும் நெல்லு காயட்டும். ஜனம் நெல்லுக்கு அப்பால நிக்கும்."

டெனிசன்தான் முதலில் கணக்குப் போட்டு முடித்தான்.

"அக்கா, அப்ப ரவுண்டானா கெடையாது."

"கெடையாது."

"ஒத்த ரோட்டுக்குள்ளயே போயிட்டு, கோனைச் சுத்தித் திரும்பணும். இடுக்குல திரும்பணும். உங்க எஸ்டீமு கப்பல் மாதிரி வளையும். என் வண்டிக்கு அது அல்வா. தெரிஞ்சுதான் பேசுதியளா?"

"தெரியும்டா."

டில்லிபாபு அவள் தோளுக்கு அருகே குனிந்தார். "யோசி சசி. போன் போட்டா முழு ரோடு. ரவுண்டானா. கப்பு உனக்குத்தான்."

"முழு ரோடுன்னா கயிறு கட்டணும் தலைவரே. சார் ஒத்துக்க மாட்டாரு. ஒத்துக்கினாலும் நா கேக்க மாட்டேன்." சற்று நிறுத்தி, "எனக்கு ஓட்டணும். அவ்ளோதான்" என்றாள்.

ராஜசேகர் ரோட்டின் நீளத்துக்கு நடந்து போய் வந்தார். வேலியை அசைத்துப் பார்த்தார். திட்டின் உயரத்தைக் காலால் அளந்தார். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், எந்த வழியாகப் போகும் என்று கேட்டார். வேகத்தைக் குறைக்கக் கோன்களை இன்னும் நெருக்கச் சொன்னார். டெனிசன் முகத்தில் சந்தோஷத்தை மறைக்கப் பாடுபட்டான். கடைசியில் அவர் கனகத்தைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்கம்மா? அன்னிக்கு ஒரு பக்கம் விட்டுக் குடுக்கணும்" என்றார்.

கனகம் மற்ற பெண்களிடம் திரும்பி ஏதோ பேசினாள். திரும்பி வந்தபோது இடுப்பில் கை இருந்தது.

"ரெண்டு ரோட்டு நெல்ல ஒரு ரோட்டுல கொட்டுனா அடத்தியா இருக்கும். அடிக்கொரு தரம் அளைஞ்சுவுடணும், இல்லாட்டி அடியில புழுங்கிப்பூடும். எங்களுக்கு ஆள் பத்தாது. கார் ஓட்டுறவுங்க எல்லாம் அவுங்கவுங்க முறை வர்ற வரிக்கும் செருப்பக் கழட்டிட்டு வந்து அளையணும். அப்புறம், உங்க ரேஸு முடிஞ்சா அந்த ரோட்டப் பெருக்கிக் கழுவிக் குடுக்கணும். டயர் நாத்தம் சோத்துல வரக் கூடாது. சம்மதமா?"

"கழுவிடுறோம் அத்தே" என்றாள் சசிரேகா.

"நீ இல்லடி, அந்தக் கப்பு பையன் கழுவட்டும்."

"நான் மேனேஜர்கிட்டகூட இவ்வளவு கண்டிஷன் கேட்டதில்ல" என்றான் டெனிசன்.

ராஜசேகர் போனை எடுத்துச் சங்கத்துக்குப் பேசினார். "ஒரகடம்தான். ஆமா, நல்லாப் பாத்துட்டேன். வேலி இருக்கு." ஒரு கணம் நெல்லைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும்" என்று சேர்த்துக்கொண்டார்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒருவரும் நெல்லைத் தாண்டி வரவில்லை. சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த டிரைவர்கள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு நெல் அளைந்ததை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சசிரேகா ஒரு கோனைக்கூடத் தட்டவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை என்று டில்லிபாபு சொல்கிறார். அப்படியும் எலிதான் ஜெயித்தது.

டெனிசன் கப்பை நாசரேத்துக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தான். அதற்கு அடுத்த மாதம் கல்யாணம் செய்துகொண்டு படப்பையில் குடியிருக்கிறான். டில்லிபாபு ஓசூருக்கு மாற்றலாகிப் போனார், பந்தயத்துக்கு மட்டும் வருகிறார். ராஜசேகர் சங்கத்திலிருந்து விலகிவிட்டார், முழங்கால் வலி. கனகத்தின் நெல் அந்த வாரமே கொள்முதல் நிலையத்துக்குப் போனது. சசிரேகா இன்னும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறாள், இன்னும் இருபதுக்கு மேல் போகாமல் புதுக் கார்களை யார்டில் நிறுத்துகிறாள், கிளப்புக்கு இப்போது அவள்தான் தலைவர். இரண்டாவது இடத்துக்கான கேடயம் எஸ்டீமின் பின் சீட்டில் கிடக்கிறது. அந்த ரோட்டோரத்தில் ஒரு தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருக்கிறது, அதனால் கனகமும் மற்றப் பெண்களும் இந்த அறுப்புக்கு வேறு ரோடு பார்த்துவிட்டார்கள். இந்த வருஷக் கடைசிச் சுற்றும் அவர்கள் பார்த்த அந்த ரோட்டில்தான்.