புரோகிராம் ஏறும் வரை

தமிழ்செல்வியின் வலது கையில் இரண்டு விரல்கள் போனதற்கு அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று கம்பெனி நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியிருந்தது. கிறிஸ்டினா அந்தத் தாளைக் கிழித்து மேலாளர் பூவராகவனின் மேசையில் போட்டாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார், சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லிக்கொள் என்றார்.

கும்மிடிப்பூண்டியில் டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கும் தொழிற்சாலை அது. கிறிஸ்டினா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து அங்கே பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ்செல்வி எளாவூர்க்காரி, மூடி அடிக்கும் பிரஸ்ஸில் தகடு வைப்பவள். கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட்.

அந்தப் பிரஸ்ஸை வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தார்கள். அதை ஓட்டுவது ஒரு காலத்தில் வீடுகளில் பிள்ளைகள் விளையாட வாங்கிய கம்ப்யூட்டர். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி; வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் பீடிக்கறை நிறத்துக்கு வந்துவிட்டது. கரண்ட் ஒரு கண் சிமிட்டும் நேரம் போய் வந்தாலும் அதற்கு எல்லாம் மறந்துவிடும். ஃபிளாப்பியிலிருந்து மறுபடி புரோகிராம் ஏற வேண்டும். ஏறும் வரை அதன் முதுகிலிருந்து கிளம்பும் ஒயர்கள் எல்லாவற்றிலும் 'ஆன்' என்ற சிக்னல் நிற்கும். அது பழுதில்லை, அதன் பிறவிக் குணம். வீட்டில் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இங்கே அந்த ஒயர்களில் ஒன்று பிரஸ்ஸை 'அடி' என்று சொல்லும் ஒயர்.

மெஷினைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால் நடுவில் ஒரு பூட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். புரோகிராம் ஏறிய பிறகு ஆள் வந்து சாவியைத் திருப்பினால்தான் சிக்னல் பிரஸ்ஸுக்குப் போகும். கரண்ட் போகும்போதெல்லாம் சாவியோடு ஓடி வர வேண்டியிருக்கிறது, உற்பத்தி கெடுகிறது என்று பூவராகவன் அந்தப் பெட்டியைத் தாண்டி ஒரு ஒயரை இழுக்கச் சொல்லிவிட்டார். கிறிஸ்டினா வேலைக்கு வந்த புதிதிலேயே இதைக் கண்டுபிடித்து அவரிடம் போய்ச் சொன்னாள். இந்த ஆர்டர் முடியட்டும், புது கண்ட்ரோலர் வாங்கிவிடலாம் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆர்டர் முடிந்தது.

விபத்து நடந்த அன்றைக்கு ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. மோட்டாரின் பெரிய சக்கரம் வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சிக்கிய தகட்டை எடுக்கத் தமிழ்செல்வி கையை நீட்டியிருந்தாள். கம்ப்யூட்டரின் திரை இருண்டு, திரும்பப் பச்சையாக வந்தது. பிரஸ் அடித்தது.

தாளைக் கிழித்த மறுநாள் ஆய்வாளர் அம்மா வந்தபோது கிறிஸ்டினா எல்லாவற்றையும் சொன்னாள். கரண்டை ஒரு நொடி நிறுத்திப் போட்டால் பிரஸ் தானாக அடிக்கும், இப்போதே பாருங்கள் என்று மூடி அடிக்கும் அச்சுக்குக் கீழே ஒரு துண்டுத் தகட்டை வைத்தாள். மோட்டாரை ஓடவிட்டு, கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்துப் போட்டாள்.

பிரஸ் அசையவில்லை.

மறுபடியும் போட்டாள். மறுபடியும் அசையவில்லை. குனிந்து பார்த்தவளுக்கு விஷயம் புரிந்தது. இழுத்திருந்த ஒயர் அங்கே இல்லை. பூட்டுப் பெட்டியைத் துடைத்து, புதுக் கறுப்பு டேப் சுற்றி, பழையபடி மாட்டியிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் லோகு தூணுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்னப் பெண், தோழிக்கு அடிபட்ட கோபத்தில் பேசுகிறாள் என்று பூவராகவன் ஆய்வாளரிடம் மெதுவாகச் சொன்னார். கிறிஸ்டினாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. கையிலிருந்த ஸ்பேனரை அவர் மேல் எறிந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அதைக் கீழே வைத்தாள். ஆய்வாளர் அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். கிறிஸ்டினா அந்தப் பெட்டியையே வெறித்தாள். அதன் சாவித் துளையில் துரு ஏறியிருந்தது.

"மேடம், எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மூடி அடிச்சுக் காட்ட சொல்லுங்க," என்றாள். "பெட்டிய மாட்டிட்டாங்க இல்ல, சாவிய போட்டு ஓட்டட்டும்."

பூவராகவன் சாவி ஸ்டோரில் இருக்கும் என்றார். ஸ்டோரில் இல்லை. பழைய ஷிப்டுக்காரன் கொண்டுபோயிருப்பான் என்றார். ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டு, அப்படியானால் விபத்து நடந்த அன்று காலையிலிருந்து இந்த மெஷின் எப்படி மூடி அடித்தது என்று கேட்டார். அவர் லோகுவைப் பார்த்தார்.

"சாவி எப்பவோ தொலஞ்சிபோச்சி மேடம்," என்றார் லோகு. "ஒயர போட்டுத்தான் ஓட்டிக்கினு இருந்தோம். நேத்து சார் சொன்னாரு, நாந்தான் புடுங்குனேன்."

பிரஸ்ஸுக்கு அன்றே சீல் வைத்தார்கள். ஆய்வாளரின் அறிக்கை குற்றத்தைக் கம்பெனி மேல் வைத்தது. வழக்கு பொன்னேரி கோர்ட்டுக்குப் போகும் என்றார்கள். பூவராகவன் அதே நாற்காலியில்தான் இருந்தார். லோகு பஸ் நிறுத்தத்தில் கிறிஸ்டினாவிடம் வந்து, புள்ளகுட்டிக்காரன், மன்னிச்சிடும்மா என்றார்.

"ஒயர புடுங்கும்போது அவ ரத்தம் அதும்மேல காஞ்சிருந்திருக்குமே அண்ணா. அதையும் தொடச்சீங்களா?"

கேட்டுவிட்டு அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னபோது தமிழ்செல்வி சந்தோஷப்படவில்லை. பேனாவை மூடினதுக்கும் திறந்ததுக்கும் என் விரல் வந்துவிடுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். கிறிஸ்டினா கிளம்பும்போது, கட்டுப் பிரித்ததும் என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப் போ என்றாள்.

அப்படியே ஒரு மதியம் இருவரும் போனார்கள். கேண்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூவராகவன் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தமிழ்செல்வி நேராகப் போய் அவருக்கு எதிரே நின்று, மூன்று விரல் கையை மேசைமேல் வைத்தாள்.

"சாப்புடுங்க சார்," என்றாள். "எப்டி உருட்டுறீங்கன்னு பாக்கணும். நா மறுபடியும் கத்துக்கணுமே."

பூவராகவன் கையிலிருந்த கவளத்தை வாய்க்கும் கொண்டுபோகவில்லை, தட்டிலும் போடவில்லை. அவள் நகரவில்லை. கடைசியில் அவர் எழுந்து கைகூடக் கழுவாமல் வெளியே போனார்.

தமிழ்செல்வி கிறிஸ்டினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்து இடது கையால் திறக்கப் பார்த்தாள். கிறிஸ்டினா கை நீட்டினாள்.

"நீ விடு," என்றாள் தமிழ்செல்வி. "நானே திறக்கறேன்."