கவுஸ் மேல் எனக்குக் கோபம்

விபோர்க் மொழிப் பள்ளியின் வாய்மொழிப் பரீட்சைக்கு ஏதாவது ஒரு நகரத்தைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் டேனிஷ் ரீச்சர் பிர்கித் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. என் பெயருக்கு நேரே யாழ்ப்பாணம் என்று தானாகவே எழுதிவிட்டாள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான். முந்திய மாதம் என் கணவர் தவராஜா யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசி ஒன்பது புள்ளி எடுத்திருந்தார். நூலகம் எரிந்த கதைக்கு வந்ததும் பிர்கித் மூக்கைச் சிந்தத் தொடங்கிவிட்டாளாம். அதற்குப் பிறகு அவர் விட்ட பிழை ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

எனக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. செத்தவீட்டு வாசலில் உண்டியல் குலுக்குகிற மாதிரி இருந்தது.

"நான் கோட்டிங்கனைப் பற்றிக் கதைக்கப்போறன்" என்றேன்.

"அது எங்கை கிடக்கு?" என்றார் தவராஜா.

"ஜெர்மனியில."

"நீர் எப்ப அங்க போனனீர்?"

"போகேல்லை."

"உமக்கென்ன விசரே? ஆறு எடுக்காட்டி ஆய்வுகூடப் படிப்பு இல்லை. பிறகு கோழி ஃபக்டரிதான்."

அவர் சொன்னது சரி. ஓகஸ்டில் தொடங்குகிற ஆய்வுகூட உதவியாளர் படிப்புக்கு என்னைச் சேர்க்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். டேனிஷில் ஆறு புள்ளி எடுத்தால் போதும், எடுக்காவிட்டால் என் இடம் வேறு ஆளுக்கு. ஊரில் எட்டு வருடம் பௌதிகம் படிப்பித்தவள் நான். கோழியின் குடலை இழுக்கிறதும் வேலைதான், குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஆய்வுகூடம் வேண்டும்.

கோட்டிங்கன் என்னிடம் வந்தது வெபரால். காந்தப் பாயத்தின் அலகு வெபர் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அது ஒரு மனிதன் என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை. விபோர்க் நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் புரட்டியபோதுதான் ஆள் அகப்பட்டார். கோட்டிங்கனில் பேராசிரியர். பெரிய கணித மேதை கவுசும் இவரும் சேர்ந்து ஊர்க் கூரைகளுக்கு மேலாகக் கம்பி இழுத்துத் தந்தி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு இவரை வேலையால் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தில் நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

பரீட்சை என்றால் எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும்: பாடமாக்குவது. கோட்டிங்கன் பக்கங்களை எழுதிக்கொண்டு வந்து, குசினிக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து, வாய்விட்டுப் பாடமாக்கினேன். கடைசியில் தவராஜாவே சவரம் செய்துகொண்டு அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டை முணுமுணுத்தார்.

பரீட்சை அறையில் பிர்கித்தும், ஓகூஸ் நகரிலிருந்து வந்த வெளிப் பரீட்சகரும் இருந்தார்கள். சொரென்சன் என்று பெயர், நரைத்த தாடி. யாழ்ப்பாணத்தை வெட்டிவிட்டுக் கோட்டிங்கன் என்று எழுதும்படி பிர்கித்திடம் முன்பே சொல்லியிருந்தேன். நான் தொடங்கினேன். பல்கலைக்கழகம், வானாய்வு நிலையம், சந்தையடி நீரூற்றில் வாத்துகளோடு நிற்கிற பெண் சிலை, கலாநிதிப் பட்டம் வாங்கியவர்கள் ஏறி அவளுக்கு முத்தம் கொடுக்கிற வழக்கம், எல்லாம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது.

சொரென்சன் கையை உயர்த்தினார்.

"இது கலைக்களஞ்சியத்தில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல்."

"ஓம். எந்த இடத்தில பிழை?"

"பிழை இல்லை. ஆனால் இது உன்னுடைய டேனிஷ் இல்லை. இதற்கு என்னால் புள்ளி போட முடியாது."

பிர்கித்தின் முகம் சிவந்துவிட்டது. கோழி ஃபக்டரியின் வெள்ளைச் சப்பாத்து என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பயம் வர வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக்குணம். டேனிஷில் எல்லோருக்கும் 'நீ'தான். அது அன்றைக்கு நல்ல வசதியாக இருந்தது.

"நீ கேள்" என்றேன். "புத்தகத்தில இல்லாததைக் கேள். நான் சொல்லுறன்."

"சரி. அந்த நகரத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?"

"கவுஸ் மேல எனக்குக் கோபம்."

சொரென்சன் பேனாவைக் கீழே வைத்தார். "கவுஸ் மேலா?"

"புது அரசன் வந்து அரசியல் சட்டத்தைக் கிழிச்சுப்போட்டான். ஏழு பேராசிரியர்மார், நாங்கள் பழைய சட்டத்துக்குத்தான் சத்தியம் பண்ணினனாங்கள், அதை மாத்தமாட்டம் எண்டு எழுதிக் குடுத்தினம். ஏழு பேருக்கும் வேலை போச்சு. மூண்டு பேரை நாட்டை விட்டே கலைச்சாங்கள். அந்த ஏழு பேரில ஒராள் வெபர், கவுசின்ர சிநேகிதன். கவுஸ் வாய் திறக்கேல்லை."

"அவருக்கு வயது போய்விட்டது. வீட்டில் இன்னும் வயதான தாய். அவருக்கு அரசியல் இல்லை, கணிதம்தான்."

"வாய் இருந்ததுதானே? ஊரில பெரிய ஆள் அவர். அவர் ஒரு வரி எழுதியிருந்தா அரசன் யோசிச்சிருப்பான்."

"அவரையும் நிறுத்தியிருப்பான். யாருக்கு லாபம்? அறிவியலுக்கு நட்டம்."

"வாய் திறக்காத எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம். தங்கட நட்டத்துக்கு அறிவியல் எண்டு பேர் வைப்பினம்."

இதையெல்லாம் நான் அழகான டேனிஷில் சொல்லவில்லை. வினைச்சொல் எங்கேயோ நின்றது, காலம் எங்கேயோ போனது. தெரியாத சொல்லுக்குக் கையை வீசினேன். அவரும் விடவில்லை. மேசையில் தட்டித் தட்டிக் கவுசுக்காக வாதாடினார். பிர்கித் இரண்டு தடவை மணிக்கூட்டைக் காட்டியும் இருவரும் நிறுத்தவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?"

நடந்தது. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, தனிநாடு கேட்கமாட்டோம் என்று அரசாங்க உத்தியோகத்தர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். எங்களிலே மிகத் திறமான கணித ரீச்சர், என் உயிர்ச் சிநேகிதி, முதல் ஆளாக எழும்பிப் போய்ச் சத்தியம் செய்தாள். நான் எழும்பவில்லை. என் வேலை போனது. அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரியும்.

பிர்கித் முன்னால் சாய்ந்து எனக்குத் தலையை ஆட்டினாள். அவள் கண் ஏற்கெனவே நனைந்திருந்தது. சொல்லு, சொன்னால் கரையேறிவிடுவாய் என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். ஒரு வசனம் போதும். ஓகஸ்ட் என் கையில்.

"என்ர தலைப்பு கோட்டிங்கன்" என்றேன். "அதைப் பற்றிக் கேள்."

சொரென்சன் பேனாவைத் திரும்ப எடுத்தார். "வேறு கேள்வி இல்லை" என்றார்.

வெளியே நடைபாதையில் காத்திருந்தேன். பிர்கித் வந்து என் தோளைத் தொட்டாள்.

"ஆறு. நீ விட்ட பிழைகளை அவர் ஒன்றுவிடாமல் எண்ணினார். ஆனால் பாடமாக்கியதை விட்டுவிட்டுச் சண்டை பிடித்ததற்குத்தான் அந்த ஆறு என்றார். தங்கமலர், உன் கதையைச் சொல்லியிருந்தால் ஒன்பது வந்திருக்கும்."

"தெரியும்" என்றேன். "அந்த மூண்டு புள்ளியையும் நீங்களே வைச்சிருங்கோ."

தமிழில்தான் சொன்னேன். என் குரலிலேயே அவளுக்கு விளங்கியது.